பனிக்கு அடியில் ஒரு நகரம்

ஒரு நகரம். அதற்கு ஒரு பெரிய வீதி, பெயர் மெயின் ஸ்ட்ரீட். வீதியின் இருபுறமும் கிளைத் தெருக்கள். தங்கும் அறைகள், சமையலறை, மருத்துவமனை, நூலகம், திரையரங்கு, சிறிய தேவாலயம், முடிவெட்டும் கடை என்று எல்லாம் உண்டு. மின்சாரத்துக்கு ஓர் அணு உலை. வானம் மட்டும்தான் கிடையாது! ஏனென்றால் முழு நகரமும் பனிக்கு அடியில் இருந்தது. விஞ்ஞானக் கதை போலத் தோன்றுகிறதா? கிரீன்லாந்தின் வடமேற்கில் 1959-ல் அமெரிக்க ராணுவம் உண்மையாகவே கட்டத் தொடங்கிய இடம் இது. பெயர் கேம்ப் செஞ்சுரி.

அமெரிக்காவின் தூலே விமானத் தளத்திலிருந்து சுமார் 240 கிலோமீட்டர் உள்ளே, பனிப்பாளத்தின் மேல் இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. குளிர்காலத்தில் மைனஸ் 50 டிகிரிக்கும் கீழே போகும் இடம். கனமான பொருட்களை எல்லாம் பனிச்சறுக்கு வண்டிகளில் ஏற்றி டிராக்டர்களால் இழுத்து வந்தார்கள். மனிதன் நடக்கும் வேகத்தை விடக் குறைவான வேகம்தான். சுவிட்சர்லாந்தில் செய்த பனி வெட்டும் இயந்திரங்கள் நீளமான அகழிகளைத் தோண்டின. அகழியின் மேல் வளைந்த இரும்புத் தகடுகளைப் பொருத்தி, அதன் மேல் பனியைக் கொட்டினார்கள். கூரை தயார்! மெயின் ஸ்ட்ரீட்டின் நீளம் மட்டும் 1,100 அடி. உள்ளே மரக் கட்டடங்களைச் சுவரில் ஒட்டாமல், சுற்றிலும் காற்று போக இடைவெளி விட்டு வைத்தார்கள். இல்லாவிட்டால் வீட்டுச் சூட்டிலேயே நகரம் உருகிவிடும் அல்லவா? குடிநீருக்கு நீராவியைப் பனிக்குள் செலுத்தி, உருகிய தண்ணீரை மேலே இறைத்தார்கள். 1960 அக்டோபரில் அணு உலையும் இயங்கத் தொடங்கியது. சுமார் 200 பேர் வரை அங்கே தங்க முடிந்தது.

இதை அமெரிக்கா மறைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. ராணுவமே படம் எடுத்துக் காட்டியது. பத்திரிகைக்காரர்கள் வந்து போனார்கள். ஓர் அமெரிக்கச் சாரணச் சிறுவனும் ஒரு டேனிஷ் சாரணச் சிறுவனும் கூட ஒரு குளிர்காலத்தை அங்கே கழித்தார்கள். பனியில் எப்படிக் கட்டுவது, சிறிய அணு உலை எப்படி வேலை செய்யும் என்று ஆராயத்தான் இந்த நகரம் என்று உலகத்துக்கும், கிரீன்லாந்தின் மேல் இறையாண்மை கொண்ட டென்மார்க்குக்கும் சொல்லப்பட்டது.

அது பொய் இல்லை. ஆனால் பாதி உண்மை. ராணுவத்தின் மனதில் ஐஸ்வோர்ம் என்ற இன்னொரு திட்டம் இருந்தது. பனிக்கு அடியில் 4,000 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கங்கள்! அவற்றில் 600 அணு ஏவுகணைகள், இடம் மாற்றி மாற்றி நகர்த்தப்படும். எது எங்கே இருக்கிறது என்று சோவியத் யூனியனுக்குத் தெரியாது. இவற்றைக் கவனிக்க 11,000 பேர் பனிக்குள் வாழ வேண்டும். கேம்ப் செஞ்சுரி இந்தக் கனவுக்கு ஒரு சோதனை ஓட்டம். டென்மார்க்கோ தன் மண்ணில் அணு ஆயுதம் கூடாது என்று 1957-லேயே அறிவித்திருந்தது.

சோவியத் யூனியன் இதைக் கெடுக்கவில்லை. பனியே கெடுத்தது. பனிப்பாளம் பார்ப்பதற்குப் பாறை போல இருந்தாலும், மெல்ல மெல்ல நகர்கிற பொருள். சுவர்கள் உள்ளே நெருங்கி வந்தன, கூரை கீழே அமுங்கியது. வெளியே பொழிந்த புதுப் பனி வேறு மேலே அழுத்தியது. மாதம் 120 டன்னுக்கும் அதிகமான பனியைச் சுவர்களிலிருந்து செதுக்கி வெளியேற்ற வேண்டியிருந்தது. 1962-ல் அணு உலை அறையின் கூரையை 5 அடி உயர்த்த வேண்டி வந்தது. வீரர்கள் தங்கும் தெருவே நசுங்கும்போது ஏவுகணைக்கு எங்கே பாதை போடுவது? 1963-ல் உலையை நிறுத்தி, பிறகு கழற்றி எடுத்துப் போனார்கள். 1967-ல் முகாமையும் கைவிட்டார்கள். ஏவுகணை ஒன்றுகூட அங்கே வரவில்லை. ஐஸ்வோர்ம் பற்றிய விவரம் 1990-களில் டென்மார்க் நடத்திய ஆய்வில்தான் வெளியே வந்தது.

அணு உலையை எடுத்தவர்கள் மற்றதை எடுக்கவில்லை. சுமார் 2 லட்சம் லிட்டர் டீசல், 2 கோடியே 40 லட்சம் லிட்டர் கழிவுநீர், பிசிபி என்ற நச்சு ரசாயனங்கள், உலையிலிருந்து வந்த குறைந்த கதிரியக்கமுள்ள நீர் ஆகியவை அங்கேயே கிடப்பதாக 2016-ல் வந்த ஆய்வு கணக்கிட்டது. என்றென்றும் பனி விழும், எல்லாம் புதைந்தே கிடக்கும் என்பது அன்றைய நம்பிக்கை. ஆனால் பூமி சூடாவதால் 2090 வாக்கில் அங்கே விழும் பனியை விட உருகும் பனி அதிகமாகலாம் என்றது அந்த ஆய்வு. 2021-ல் வந்த மறு ஆய்வு, உருகும் நீர் 2100-க்கு முன் கழிவைத் தொடாது என்று கொஞ்சம் ஆறுதல் சொன்னது. சரி, யார் சுத்தம் செய்வது? கழிவு அமெரிக்காவுடையது, அனுமதி கொடுத்தது டென்மார்க், நிலம் கிரீன்லாந்து மக்களுடையது. அவர்களை யாரும் கேட்டதே இல்லை. தூலே தளத்துக்காக 1953-ல் அங்கிருந்த இனுகுயிட் வேட்டைக்காரக் குடும்பங்களையே ஊரை விட்டு வடக்கே அனுப்பியவர்கள், பனிக்குள் குப்பை போடவா அனுமதி கேட்பார்கள்?

இத்தனைக்கும் நடுவில் உருப்படியான ஒரு காரியமும் நடந்தது. 1966-ல் விஞ்ஞானிகள் அந்த முகாமிலிருந்து 1,387 மீட்டர் ஆழம் வரை துளைத்து, அடித்தரை வரை பனித் தூணை எடுத்தார்கள். பழங்காலத் தட்பவெப்பத்தைப் படிக்கும் கலைக்கே அது பெரிய தொடக்கம். பனிக்கும் கீழே கிடைத்த மூன்றரை மீட்டர் மண்ணை மட்டும் யாரும் அதிகம் கவனிக்கவில்லை. அது ஜாடிகளில் அடைபட்டு, கடைசியில் டென்மார்க்கில் ஒரு குளிர்பதன அறையில் மறக்கப்பட்டுக் கிடந்தது. 2017-ல் மறுபடி கண்ணில் பட்டது. கழுவிப் பார்த்தால் உள்ளே குச்சிகள், இலைகள், பாசி! 2023-ல் வந்த ஆய்வின்படி, அந்த நகரம் நின்ற இடத்தில் சுமார் 4 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பனியே இல்லை.