விறைப்புக் குறைபாட்டு மாத்திரைகள்: மருந்துச் சீட்டு எதற்காக?

சில்டெனஃபில், தடாலஃபில் ஆகிய மாத்திரைகள் இந்தியாவில் எச் அட்டவணை மருந்துகள். பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு இல்லாமல் அவற்றைச் சில்லறையில் விற்கக் கூடாது என்று 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகள் சொல்கின்றன. கடைகளில் நடப்பது வேறு. கூட்டம் கலையும்வரை ஓரமாக நிற்கும் ஆண், தணிந்த குரலில் ஒரு பெயரைச் சொல்கிறார். கடைக்காரர் அட்டையைக் கத்தரித்து ஒன்றோ இரண்டோ மாத்திரையைக் காகித உறையில் போட்டு நீட்டுகிறார். கத்தரித்த துண்டில் காலாவதித் தேதி பெரும்பாலும் இருக்காது. சில நேரம் மில்லிகிராம் அளவும் இருக்காது. எச்சரிக்கை வாசகம் அட்டையின் மறுபாதியோடு கடையிலேயே தங்கிவிடும். ‘நெஞ்சுவலிக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?’ என்று யாரும் கேட்பதில்லை.

தக்க ஆளுக்குத் தக்க அளவில் தரும்போது இவை பாதுகாப்பான மருந்துகளே. கால் நூற்றாண்டுக்கும் மேலாக உலகெங்கும் கோடிக்கணக்கான ஆண்கள் பயன்படுத்தி வந்த அனுபவம் அதைக் காட்டுகிறது. இவற்றை ஆபத்தாக்குவது பெரும்பாலும் மறைப்புதான் என்பது இக்கட்டுரையின் வாதம். மருத்துவரிடம் மறைக்கிறார்கள், மனைவியிடம் மறைக்கிறார்கள், அவசரச் சிகிச்சைப் பிரிவிலும் மறைக்கிறார்கள். மருந்துச் சீட்டின் பயன், அது எழுதப்படுவதற்கு முன் கேட்கப்படும் கேள்விகளில் இருக்கிறது. எனவே சட்டத்தை இறுக்குவது மட்டும் போதாது. அந்தக் கேள்விகள் எங்கே, யாரால், எப்படிக் கேட்கப்படுகின்றன என்பதைப் பார்க்க வேண்டும்.

மருந்து வேலை செய்யும் விதத்தை அறிந்தால் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும். பாலுறவுத் தூண்டலின்போது ஆண்குறியின் நரம்பு முனைகளும் இரத்தக் குழாய்களின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகின்றன. அது தசைச் செல்லுக்குள் சுழல் ஜி.எம்.பி. என்ற சேர்மத்தின் அளவைக் கூட்டுகிறது. மென்தசை தளர்ந்து குழாய் விரிகிறது. இரத்தம் நிறைந்து விறைப்பு உண்டாகிறது. பி.டி.இ.-5 என்னும் நொதி அந்தச் சேர்மத்தைச் சிதைத்து விறைப்பை முடித்துவைக்கிறது. சில்டெனஃபில் வகை மருந்துகள் இந்த நொதியைத் தடுக்கின்றன. தூண்டல் இல்லையென்றால் நைட்ரிக் ஆக்சைடும் இல்லை, மாத்திரைக்கு வேலையும் இல்லை. இது ஆசையை உண்டாக்கும் மருந்தல்ல என்பதை யாரும் சொல்லாததால்தான், விழுங்கிவிட்டுக் காத்திருந்து, ஒன்றும் நடக்கவில்லை என்று அதே இரவில் இரண்டாவதையும் போட்டுக்கொள்கிறார்கள்.

இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்து சாண்ட்விச் நகரில் இருந்த ஃபைசர் ஆய்வுக்கூடம் சில்டெனஃபிலை உருவாக்கியபோது, அதை மார்பு நெரிப்புக்கான மருந்தாகவே சோதித்தது. அங்கே அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. சோதனையில் பங்கேற்ற ஆண்களிடம் விறைப்பு ஏற்பட்டது கவனத்துக்கு வந்தது. 1998 மார்ச் 27 அன்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அதை விறைப்புக் குறைபாட்டுக்கு அனுமதித்தது. இரத்த ஓட்டத்தில் நைட்ரிக் ஆக்சைடின் பங்கைக் கண்டறிந்த ராபர்ட் ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராத் ஆகியோருக்கு அதே ஆண்டில் மருத்துவ நோபல் பரிசும் கிடைத்தது. இதயத்துக்கும் இந்த மாத்திரைக்கும் உள்ள உறவு பிறவியிலேயே உள்ளது.

அந்த உறவின் கொடிய முகம் நைட்ரேட். ஐசோசார்பைடு டைநைட்ரேட், ஐசோசார்பைடு மோனோநைட்ரேட், நைட்ரோகிளிசரின் ஆகியவை உடலில் நைட்ரிக் ஆக்சைடைத் தந்து சுழல் ஜி.எம்.பி.யைப் பெருக்குகின்றன, சில்டெனஃபில் அது சிதையாமல் தடுக்கிறது. குழாயைத் திறந்துவிட்டு வடிகாலையும் அடைத்தது போன்ற நிலை. நலமுள்ளவரிடம் 100 மில்லிகிராம் சில்டெனஃபில் தனியாக மேல் அழுத்தத்தைச் சராசரியாக 8 மில்லிமீட்டர் அளவே குறைக்கிறது. பலருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. நைட்ரேட்டோடு சேர்ந்தால் அழுத்தம் சரிந்து, மூளைக்கும் இதயத் தசைக்கும் இரத்தம் எட்டாமல் போகலாம். ஏற்கெனவே அடைப்புள்ள இதயத்துக்கு அது மரண அடி. நைட்ரேட்டை அன்றாடம் உட்கொள்பவருக்கு இம்மாத்திரைகள் ஆகவே ஆகா. இம்மாத்திரையைப் போட்டவருக்கு நெஞ்சுவலி வந்தால், சில்டெனஃபில் எனில் 24 மணி நேரத்துக்கும், தடாலஃபில் எனில் 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட் தரக் கூடாது. தடாலஃபிலின் பாதி உடலை விட்டு நீங்கவே பதினேழரை மணி நேரம் ஆகிறது. சனிக்கிழமை இரவு விழுங்கியது ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இரத்தத்தில் இருக்கும். இந்தியாவில் மார்பு நெரிப்புக்குப் பரவலாக எழுதப்படும் நிகோராண்டிலும் நைட்ரேட் போலவே செயல்படுகிறது. பெயரில் நைட்ரேட் இல்லாததால் அதைப் பலர் கணக்கில் கொள்வதில்லை.

மறைப்பு உயிரைப் பறிக்கும் இடமும் இதுதான். நம் வீடுகளில் சார்பிட்ரேட் என்ற நைட்ரேட் மாத்திரை கிட்டத்தட்ட முதலுதவிப் பொருள். இதய நோயாளி உள்ள வீட்டில் அலமாரியில் இருக்கும். வயதானவர் சட்டைப்பையில் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலித்தால் ஓடிப்போய்க் கொடுப்பதும் உண்டு. நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழும் கணவரின் நாக்குக்கு அடியில் மனைவி அந்த மாத்திரையை வைக்கிறார். மூன்று மணி நேரத்துக்கு முன் அவர் எதை விழுங்கினார் என்று மனைவிக்குத் தெரியாது. உயிரைக் காக்க நீட்டிய கையே உயிருக்கு உலை வைக்கிறது. தமிழக அரசு 2023-இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், நெஞ்சுவலியோடு வருபவருக்கு ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே உடனடியாகத் தரப்படும் மருந்துகள் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின் ஆகியவை. இவற்றில் நைட்ரேட் இல்லை. இந்த வகையில் சில்டெனஃபில் உண்டவருக்கும் இவை ஆபத்தில்லாதவை. ஆபத்து வீட்டு அலமாரியிலும், கேள்வி கேட்காமல் நைட்ரேட் தரும் மருத்துவமனைகளிலும் இருக்கிறது.

மற்ற மருந்துகளோடு மோதும் இடங்களும் நம் நாட்டு நோய்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டியவை. படர்தாமரைக்கு இங்கே வாரக்கணக்கில் எழுதப்படும் இட்ராகோனசோல், சில்டெனஃபிலைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை முடக்குகிறது. எரித்ரோமைசினும் அவ்வாறே இரத்தத்தில் அதன் அளவை ஏறத்தாழ மூன்று மடங்காக்குகிறது. எச்.ஐ.வி. சிகிச்சையில் பயன்படும் ரிடோனாவிரோ 11 மடங்காக்குகிறது. அதை உண்பவர்களுக்கு 48 மணி நேரத்தில் 25 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இதற்கு நேர்மாறு: மாத்திரையின் அளவைக் குறைத்து, ‘வேலை செய்யவில்லை’ என்று கூடுதலாக விழுங்கத் தூண்டுகிறது. பிராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின், இரத்த அழுத்தத்துக்குப் பிரசோசின் போன்ற ஆல்ஃபா தடுப்பிகளை உட்கொள்பவர் இம்மாத்திரையையும் போட்டால் திடீரென எழும்போது மயங்கி விழலாம். அவர்களுக்குச் சில்டெனஃபிலை 25 மில்லிகிராமில் தொடங்குவதே முறை. பிராஸ்டேட் வீக்கத்துக்கே தடாலஃபில் 5 மில்லிகிராம் தினமும் தரப்படுவதுண்டு. அதை உண்பவர் கடையில் தனியே இன்னொன்றை வாங்கினால் கூடுதல் அளவு உடலில் சேரும்.

அளவு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சில்டெனஃபில் வழக்கமாக 50 மில்லிகிராமில் தொடங்கப்படுகிறது. 65 வயதைக் கடந்தவருக்கும் கல்லீரல் பாதிப்போ கடுமையான சிறுநீரகப் பாதிப்போ உள்ளவருக்கும் 25. உறவுக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு, ஒரு நாளில் ஒரு முறை மட்டும். எண்ணெயும் கொழுப்பும் மிகுந்த விருந்துக்குப் பின் உண்டால் பலன் ஒரு மணி நேரம்வரை தள்ளிப்போகும். தடாலஃபிலுக்கு உணவுத் தடை இல்லை. தலைவலி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல் ஆகியவை பொதுவானவை, தாமாக அடங்குபவை. விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, ஒரு கண்ணில் திடீரெனப் பார்வை மங்கினாலோ, காது திடீரெனக் கேட்காமல் போனாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெட்கப்பட்டு விடியும்வரை காத்திருந்தால் விறைப்புத் திசு நிரந்தரமாகச் சேதமடையும்.

இனி, சீட்டு இல்லாமல் வாங்குபவர் இழக்கும் மிகப் பெரிய நன்மைக்கு வருவோம். விறைப்புக் குறைபாடு பலருக்கு இதய நோயின் முன்னறிவிப்பு. ஆண்குறித் தமனியின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத் தமனியின் விட்டம் 3 முதல் 4. உட்சுவரைக் கெடுக்கும் நோய் உடலெங்கும் ஒரே நேரத்தில் பரவினாலும், குறுகிய குழாய்தான் முதலில் அடைபடும். நெஞ்சுவலி தோன்றுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே விறைப்பு குறைந்துவிட்டதாக இதய நோயாளிகள் பலர் தெரிவித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1987 முதல் 1989 வரை நடந்த ஆய்வில், 40 முதல் 70 வயதுவரையான ஆண்களில் 52 விழுக்காட்டினருக்கு ஏதோ ஓர் அளவில் இந்தக் குறைபாடு இருந்தது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உள்ளதாக 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு மதிப்பிட்டது. சர்க்கரை நோய் நரம்பையும் குழாயையும் சேர்த்தே கெடுப்பதால், தனக்கு அந்நோய் உள்ளதை ஒருவர் அறிவதற்கு முன்பே விறைப்பு தளரக்கூடும். நாற்பத்தைந்து வயதுக்காரர் இக்குறையோடு மருத்துவரிடம் போனால் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகைப் பழக்கம், தேவையெனில் டெஸ்டோஸ்டிரோன் ஆகியவை பார்க்கப்படும். கடையில் வாங்கினால் அறிகுறி மட்டும் மறையும். நோய் வளர்ந்துகொண்டே இருக்கும். இந்த ஒரு காரணமே முதல் மாத்திரைக்கு முன் பரிசோதனையைக் கட்டாயமாக்கப் போதுமானது என்பது என் உறுதியான கருத்து.

இதயம் பலவீனமானவர் எவரும் தொடக் கூடாது என்ற எதிர்முனை அச்சமும் நியாயமற்றது. இத்துறை வல்லுநர்கள் பிரின்ஸ்டன் மாநாடுகளில் வகுத்த நெறி, நோயாளிகளை அபாயத்தின்படி மூன்றாகப் பிரிக்கிறது. நோய் கட்டுக்குள் இருந்து, நைட்ரேட் எடுக்காதவர் மருந்தைப் பயன்படுத்தலாம். ஐயமுள்ளவர் உடற்பயிற்சிச் சோதனைக்குப் பின். நிலைகொள்ளாத மார்பு நெரிப்பு உள்ளவர் இதய நோய் சீராகும்வரை உறவையே ஒத்திவைக்க வேண்டும். இரண்டு மாடிப் படிகளை மூச்சு வாங்காமல், நெஞ்சு வலிக்காமல் விரைந்து ஏற முடிகிறதா என்று மருத்துவர்கள் கேட்பது இதனால்தான்; உறவின்போது இதயத்துக்கு வரும் பளு ஏறக்குறைய அவ்வளவே.

சீட்டு என்ற தடையே ஆண்களைக் கள்ளச் சந்தைக்குத் துரத்துகிறது என்றொரு மறுப்பு உண்டு. அதில் உண்மை இருக்கிறது. பிரிட்டன் 2018 முதல் 50 மில்லிகிராம் சில்டெனஃபிலை மருந்தாளுநரே சீட்டின்றித் தர அனுமதித்தது. ஆனால் அங்கே சீட்டு போனதே தவிரக் கேள்விகள் போகவில்லை: இதய நோய், நைட்ரேட், இரத்த அழுத்தம், மற்ற மருந்துகள் ஆகியவற்றை மருந்தாளுநர் கேட்டறிந்து, தகுதி இருந்தால் மட்டுமே தருகிறார், மருத்துவரைப் பார்க்கவும் அறிவுறுத்துகிறார். நம் ஊரில் சீட்டும் இல்லை, கேள்வியும் இல்லை. பிரிட்டனை முன்மாதிரியாகக் காட்டுவோர் இந்த வேறுபாட்டை மறந்துவிடக் கூடாது.

வெட்கம் ஆண்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இன்னொரு வாசல் ‘மூலிகை’ மாத்திரை. லாட்ஜ் அறைகளில் முகாமிடும் வைத்தியர்களும் சுவரொட்டிகளும் பக்கவிளைவே இல்லை என்று உறுதி கூறுகின்றன. பாலியல் ஆற்றலைக் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது, விளம்பரங்கள் ஓயவில்லை. இவ்வகைப் பொருள்களில் அறிவிக்கப்படாத சில்டெனஃபிலும் தடாலஃபிலும் கலந்திருப்பதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் திரும்பத் திரும்பக் கண்டறிந்து எச்சரித்துள்ளது. நைட்ரேட் உண்பவர், மூலிகைதானே என்று நம்பி இவற்றை விழுங்கினால் நேர்வது மேலே சொன்னதுதான். 2008-இன் முதல் ஐந்து மாதங்களில் சிங்கப்பூரில் சர்க்கரை நோயே இல்லாத 150 பேர், சர்க்கரை அளவு கடுமையாகத் தாழ்ந்து பொது மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். ஒருவரைத் தவிர அனைவரும் ஆண்கள். அவர்களில் நால்வர் இறந்தனர். சட்டவிரோதமாக விற்ற ஆண்மை மாத்திரைகளிலும், தடாலஃபிலின் போலி ஒன்றிலும் கிளைபென்கிளமைடு என்ற சர்க்கரை நோய் மருந்து கலந்திருந்ததே காரணம். தாம் எதை உண்டோம் என்பதை நோயாளிகள் சொல்லத் தயங்குவது இத்தகைய விசாரணையையே தாமதப்படுத்தும். அத்தயக்கத்தைப் புரிந்துகொண்டு கேட்கத் தெரிந்த மருத்துவரே காரணத்தைக் கண்டுபிடிக்க முடியும்.

ஆகவே மூவரிடம் ஒரு வேண்டுகோள். நைட்ரேட் எழுதும் மருத்துவர், நோயாளி கேட்காவிட்டாலும் இம்மாத்திரைகளின் பெயரைச் சொல்லி விலக்க வேண்டும். நெஞ்சுவலியோடு வரும் ஆணிடம், உறவினர் காதில் விழாதபடி, கடந்த இரண்டு நாளில் இவற்றில் ஏதேனும் உண்டாரா என்று கேட்க வேண்டும். மருந்தாளுநர் சீட்டில்லாதவருக்குத் தராமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்; சீட்டோடு வருபவருக்கும் தேதியும் அளவும் தெரியும்படி அட்டையைத் தர வேண்டும். மாத்திரையைப் பயன்படுத்தும் ஆண்கள் அதன் பெயரை மனைவியிடம் சொல்லி வையுங்கள். நெஞ்சு வலித்தால் சார்பிட்ரேட்டைத் தொடாமல் 108-ஐ அழைத்து, எந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.