துறை, கோச்சி, தார்றோட்டு: கரவனெல்லக் கிளைப்பாதை குறித்து ஒரு மறுவாசிப்பு

ஜி. எஃப். பெரேரா 1925இல் எழுதி வெளியிட்ட இலங்கைப் புகையிரத வரலாற்றின் தலைப்பிலேயே ‘தோற்றமும் முன்னேற்றமும்’ என்ற பொருள்படும் இணை உண்டு. இத்துறையில் அந்நூலை ஒதுக்கிவிட்டு எழுத முடியாது. என் சிக்கல் அந்த இணையோடுதான். பாதை திறந்தால் முன்னேற்றம் என்றால், கழற்றினால் அதற்கு என்ன பெயர்? அவர் எழுதியபோது இப்படிக் கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை. களனிப் பள்ளத்தாக்கின் 762 மி.மீ. குறும்பாதை 1902இல் அவிசாவளையை எட்டியிருந்தது. அங்கிருந்து ஒரு கிளை தெஹியோவிட்ட, கரவனெல்ல வழியே எட்டியாந்தோட்டைக்குப் போனது. மற்றது 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓப்பநாயக்கவையும் தொட்டது. நீண்டுகொண்டிருந்த பாதையைப் பார்த்தவர் முன்னேற்றம் என்று எழுதியதில் வியப்பில்லை. அதே அளவுகோலை நாமும் கையில் எடுத்தால், நிலையத்தை மூலமாகவும் பின்னால் வந்த பயன்களை எச்சமாகவும் பார்த்துவிடுகிறோம்.

கொழும்பு டெர்மினஸுக்கு அந்தப் பார்வை ஓரளவு பொருந்தும். அது இலங்கையின் முதல் பாதையோடு எழுந்த நிலையம். 1906இல் நிலையப் பணியிலிருந்து நீங்கி, 2009இல் தேசியப் புகையிரத அருங்காட்சியகமானது. 2014 டிசம்பரில் அருங்காட்சியகம் கடுகண்ணாவைக்குப் போயிற்று. நிலையமாக 41 ஆண்டு, அருங்காட்சியகமாக 5 ஆண்டு.

கரவனெல்லயில் கதை வேறு. இங்கே எனக்குக் கிடைத்த சான்று கட்டடமல்ல, அடுத்த ஊரின் பெயர். சிங்களத்தில் யட்டியந்தொட்ட, தோட்டத் தமிழர் வாயில் எட்டியாந்தோட்டை. இறப்பர்க் காடுகளுக்கு நடுவே இப்பெயரைக் கேட்பவர் ‘தோட்டம்’ என்றே பிரித்துக்கொள்வார். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அம்பாந்தோட்டை என்ற பெயர்தான் என்னைத் திருத்தியது. அங்கே எந்தத் தோட்டமும் இல்லை. சிங்களத் ‘தொட்ட’ என்பது துறை, படகு அணையும் இடம். ஆக, எட்டியாந்தோட்டை ஆற்றுத்துறையின் பெயர், தோட்டங்களுக்கு முந்தியது. களனி கங்கையில் சரக்குப் படகு ஓடிய காலத்தின் பெயர் அது. கோச்சி, அதாவது புகையிரதம், போய் நின்ற கடைசி ஊரும் அதுவே. படகுத்துறை செய்த வேலையைத்தான் நிலையம் ஏற்றுக்கொண்டது என்றால், நிலையமே ஒரு மறுபயன். பெரேராவின் ‘தோற்றம்’ ஒரு படி பின்னால் நகர வேண்டும். ஒரு பெயரை வைத்து இவ்வளவு தூரம் போகலாமா என்று கேட்கலாம். துறையும் நிலையமும் ஒரே நிலத்தில் இருந்தன என்று நான் வாதிடவில்லை. ஒரே பணியைச் செய்தன என்பதே என் வாதம்.

கிளை 1942இல் போயிற்று. லொறி வந்தது, கோச்சி தோற்றது என்பதே இத்தகைய பாதைகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அந்த ஆண்டை வைத்துப் பார்த்தால் இந்த விளக்கம் தடுமாறுகிறது. பெப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரல் 5இல் யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மலாயா கைவிட்டுப்போனபின் நேச நாடுகள் இயற்கை இறப்பருக்கு இலங்கையைத்தான் பெரிதும் நம்பியிருந்தன. கரவனெல்லயைச் சுற்றி வளர்வதும் இறப்பர். சரக்கு பொன்னாக மாறிய ஆண்டில், அதை ஏற்றிய பாதையை வருமானம் போதாது என்று எவர் கழற்றுவார்? லொறிக்குப் பெற்றோல் வேண்டும், டயருக்கோ அதே இறப்பர் வேண்டும். போர்க்காலச் சிக்கனம் இப்படி நடக்காது. பாதையைவிடத் தண்டவாள இரும்பின் தேவை பெரிதாக இருந்திருக்க வேண்டும் என்றே படிக்கிறேன். என் கையிலிருப்பது காலப்பொருத்தம் மட்டுமே. எந்த ஆணையும் இல்லை. இருந்தும் இந்த வாசிப்பை விட மனமில்லை.

‘1942’ என்பதையும் ஒரே நாளாகக் கொள்ளக் கூடாது. கடைசி வண்டி நின்றது, தண்டவாளம் கழன்றது, நிலம் வேறு கைக்குப் போனது ஆகியவை மூன்று நிகழ்ச்சிகள். ஓர் ஆண்டெண்ணை வைத்து இம்மூன்றையும் நாள் பிரிக்க முடியாது. அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும் ஏ7 றோட்டு கோச்சி சுமந்த சரக்கை இன்று கரவனெல்ல வழியே கொண்டுபோகிறது. கோச்சி என்ற சொல் மலையகத்தில் இன்னும் புழங்குகிறது. எட்டியாந்தோட்டைப் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஓடுவதற்குத்தான் தண்டவாளம் இல்லை.