கரையாத மருந்தும் கருவிழிப் புண்ணும்: மதுரை வட்டாரத்தில் நேட்டமைசின்

மதுரை மாவட்டத்தில் 1993இல் இலட்சம் பேருக்கு 113 பேர் என்ற அளவில் கருவிழிப் புண் ஏற்பட்டதாக ஓர் ஆய்வு கணித்தது. 1994 சனவரி முதல் மார்ச்சு வரை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் ஆராயப்பட்ட 434 நோயாளிகளுள் 65.4 விழுக்காட்டினர் முன்னரே கண்ணில் காயம் பட்டவர்கள். கிருமி வளர்ப்புச் சோதனையில் முடிவு தெரிந்த 297 பேருள் 139 பேரிடம் பூஞ்சை மட்டுமே காணப்பட்டது. அவற்றுள் தலையாயது மண்ணிலும் பயிர்க்கழிவிலும் வாழும் ஃபியூசேரியம். நெல்லின் சுணையோ வைக்கோல் துணுக்கோ கீறினாலே அதற்கு வழி திறந்துவிடும்.

இப்புண்ணுக்குரிய நேட்டமைசின், 1955இல் தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதி மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. நீரில் மிகச் சிறிதளவே கரைவதால் 5 விழுக்காட்டுத் தொங்கலாக வடிவமைக்கப்பட்டு, 1978இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. புட்டியின் அடியில் படியும் வெண்பொடியைக் குலுக்கிய பின்னரே கண்ணில் விட வேண்டும்.

கரையாமை மருந்தாக்கவியலில் பெருங்குறையாகவே கருதப்பட்டு வந்துள்ளது. மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்படாத படிகமிலாப் பொடி எளிதில் கரையும். ஆயின் அந்நிலை நிலையற்றது. நோவோபயோசின் பற்றிய 1960ஆம் ஆண்டு ஆய்வு இதைத் தெளிவாக்கியது. அம்மருந்தின் படிகமிலா வடிவமே உடலில் ஏறியது. படிக வடிவம் ஏறவில்லை. தொங்கலில் முன்னது மெல்லப் பின்னதாக மாறியது; மெத்தில் செல்லுலோஸ் போன்ற பல்லுறுப்பிகள் அம்மாற்றத்தைத் தாமதப்படுத்தின. பரப்பு இழுவிசையைக் குறைக்கும் சோப்பு போன்ற பொருள்களோ இருமுகம் கொண்டவை. பொடியை நனைத்துக் கரையத் துணைபுரியும் அவையே மூலக்கூறுகளின் நகர்வை எளிதாக்கிப் படிக வளர்ச்சியை விரைவுபடுத்தவும் கூடும். படிகமிலா செலகாக்சிபில் அவ்வாறு நிகழ்வதையும், பல்லுறுப்பி சேர்த்தால் அது கட்டுப்படுவதையும் 2014இல் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர்.

நேட்டமைசின் தொங்கலிலும் அத்தகைய பொருள் ஒன்று உண்டு: கிருமி தடுக்கச் சேர்க்கப்படும் 0.02 விழுக்காடு பென்சால்கோனியம் குளோரைடு. எனினும் இங்கு மருந்து தொடக்கம் முதலே படிகமாக இருப்பதால், நோவோபயோசினை அச்சுறுத்திய வடிவமாற்றத்துக்குப் பெரிதும் இடமில்லை. எஞ்சும் கவலை துகள் பருமன். சிறு துகள்கள் கரைந்து பெரியவற்றின் மீது படியும் போக்கு எத்தொங்கலுக்கும் உண்டு. பருத்த துகள் புண்பட்ட கண்ணை மேலும் உறுத்தும்.

2010 ஏப்ரல் முதல் 2011 இறுதி வரை, தமிழகத்திலும் புதுச்சேரியிலும் உள்ள அரவிந்த் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளைக் கொண்டு நேட்டமைசினும் வோரிகொனசோலும் ஒப்பிடப்பட்டன. பின்னது கருவிழிக்குள் நன்கு ஊடுருவுவது. வெல்லுமெனப் பலர் எதிர்பார்த்ததும் அதுவே. கருவிழி துளைபட்டோ மாற்று அறுவைக்கு உள்ளாகியோ போனவர்கள் வோரிகொனசோல் பிரிவில் 34 பேர். நேட்டமைசின் பிரிவில் 18 பேர். ஃபியூசேரியம் நோயாளிகளிடம் வேறுபாடு மேலும் தெளிவாக இருந்தது. அப்பூஞ்சை வோரிகொனசோலுக்குப் போதிய அளவு அஞ்சாமை இதற்கு முதன்மைக் காரணமாகலாம். இமைமடிப்பில் தங்கிப் புண்ணின் மேல் ஒட்டிக்கொள்ளும் கரையாத் துகளுக்கும் இதில் பங்கு இருந்திருக்கலாம்; ஆனால் அது உறுதியாகவில்லை.