1829ஆம் ஆண்டு வட்டுக்கோட்டைக் கிரகணம்: பிழைத்தது எது?

யாழ்ப்பாணத்துச் சமய விவாதங்களை ஆராய்ந்தோர் பலரும் 1829 மார்ச் 20ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைத் திருப்புமுனையாகவே கருதி வந்துள்ளனர். அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் கூறிய கணக்கும், கிறித்தவ மிஷனாரிகள் நடத்திய வட்டுக்கோட்டைச் செமினரியின் அதிபர் தானியேல் பூவர் ஐரோப்பிய முறையில் கணித்த கணக்கும் வேறுபட்டன. கிரகணம் பூவரின் கணக்குப்படியே நிகழ்ந்தது. அறிவியலின் முன் சைவ நம்பிக்கை அன்று முதல் தளரத் தொடங்கியது என்பது இவர்கள் கண்ட முடிவு. கணக்குப் பிழைத்தது உண்மை. அதை மறுக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. கணக்கின் பிழையிலிருந்து நம்பிக்கையின் தளர்ச்சிக்குச் செல்ல அந்தச் சான்று வழி தரவில்லை என்பதே இங்கு என் வாதம்.

இந்த வாசிப்பு பெரும்பாலும் ஒரே பகுதியின் மேல் நிற்கிறது. எமர்சன் டெனன்ட் 1850இல் வெளியிட்ட இலங்கைக் கிறித்தவம் பற்றிய நூலில் அது உள்ளது. டெனன்ட் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இலங்கைக்கு வந்தது 1845இல். ஆகவே பதினாறு ஆண்டுக்கு முந்திய நிகழ்ச்சியை அவர் நேரில் கண்டிருக்க முடியாது. செய்தி அவருக்கு மிஷன் வழியாகவே வந்திருக்க வேண்டும். இதனால் அதைத் தள்ளிவிட வேண்டும் என்பதில்லை. அதிலுள்ள எண்களை ஒரு வகையாகவும், அந்த எண்களுக்குப் பின் வரும் பொருள்கோளை வேறு வகையாகவும் எடைபோட வேண்டும் என்கிறேன். சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் நேரத்தில் 15 நிமிடமும், நீடிப்பில் 24 நிமிடமும், மறைவின் அளவில் மூன்று அங்குலமும் பிழைத்தது என்பவை எண்கள். பிராமணர்கள் நாணினர், மக்கள் மிஷனாரிகளின் அறிவை மதிக்கத் தொடங்கினர் என்பது பொருள்கோள்.

முதலில் எண்களைப் பார்ப்போம். மூன்று வேறுபாடுகளையும் மூன்று தனித்தனித் தோல்விகளாக எண்ணிக்கொள்வதே வழக்கமாக இருக்கிறது. கிரகணக் கணிதத்தின் அமைப்பு இதற்கு இடம் தரவில்லை. நிகழ்ந்தது பகுதிக் கிரகணம். சந்திரன் பூச்சாயையின் ஓரத்தைத்தான் கடந்தது. சந்திர பிம்பத்தின் விட்டத்தைப் பன்னிரண்டு அங்குலமாக வகுப்பது மரபு. விட்டம் ஏறத்தாழ 31 கலை; கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. எனவே மூன்று அங்குலம் என்பது 8 கலையளவு. சந்திரனின் விக்ஷேபத்தில், அதாவது அது கிராந்தி வட்டத்திலிருந்து விலகிய தொலைவில், இந்த 8 கலை பிசகினால் மறைவின் அளவு மூன்று அங்குலம் மாறும். அதே பிசகு கிரகணத்தின் நீடிப்பையும் மாற்றும். நிழலின் நடுவே செல்லும் கிரகணத்தில் அந்த மாற்றம் மிகச் சிறிது. ஓரத்தில் உரசிச் செல்லும் கிரகணத்திலோ அது அரை மணியளவுக்கும் அதற்கு மேலும் போகும். எனவே நீடிப்பிலும் மறைவிலும் நேர்ந்த பிழைகளை ஒரே மூலத்தின் இரு விளைவுகளாகக் கொள்வதே பொருத்தம். எண்கள் முழுக்கப் பொருந்துகின்றன என்று சொல்லமாட்டேன். நிழலின் விட்டத்தைக் கொண்ட விதமும் இதில் கலந்திருக்கலாம். ஆயினும் ஒரு முறைமை மூன்று இடங்களில் உடைந்தது என்று கூறுவதற்கும், சந்திரனின் பாதை கிராந்தி வட்டத்தை வெட்டும் புள்ளியாகிய ராகுவின் நிலையைக் குறிக்கும் ஓர் எண் திருத்தப்படாமல் கிடந்தது என்று கூறுவதற்கும் இடையே நெடுந்தொலைவு உண்டு.

இதே மரபின் கணிதத்தை ஐரோப்பியர் வேறு இரு முறை சோதித்த செய்திகளையும் இங்குச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1765 ஆகஸ்ட் 30ஆம் நாள் கிரகணத்தின் நீடிப்பைத் தமிழ் முறை 41 விநாடி குறைத்துச் சொன்னது. ஐரோப்பாவில் அன்று உயர்வாகப் போற்றப்பட்ட தோபியாஸ் மேயரின் அட்டவணை 68 விநாடி கூட்டிச் சொன்னது. இதைப் பதிவு செய்தவர் புதுச்சேரியில் தங்கியிருந்த பிரெஞ்சு வானியலர் லெ ஜான்தி. 1825 மே 31ஆம் நாள் இரவுக் கிரகணத்தைத் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு, இந்தியக் காலக்கணிதத்தை ஆராய்ந்த ஜான் வாரன் முன்னிலையில் கணித்தார். தொடக்கத்தில் 4 நிமிடமும், மத்தியத்தில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழை. வட்டுக்கோட்டையில் குறிக்கப்பட்ட எந்த நேரப் பிழையையும் விட இந்த 52 நிமிடம் பெரிது. வாரனோ அந்தக் கணிதரின் நினைவாற்றலைப் போற்றத்தக்கதாகவே பதிந்தார். அவருடைய சமயம் இற்றுவிட்டது என்று எழுத அவருக்குத் தோன்றவில்லை. நான்கே ஆண்டு இடைவெளியில் நேர்ந்த ஒரே வகைப் பிழை ஓரிடத்தில் வியப்பாகவும் மற்றோரிடத்தில் வீழ்ச்சியாகவும் எழுதப்பட்டது. இந்த வேறுபாட்டுக்குக் காரணத்தை எழுதியவரின் நோக்கத்தில்தான் தேட வேண்டும்.

கணக்கும் காட்சியும் முரண்பட்டால் என்ன செய்வது என்பதற்கு அந்த மரபிலேயே விடை இருந்தது. எண்ணைத் திருத்து என்பதே அது. பீஜ சம்ஸ்காரம் என்ற திருத்த முறைக்கு நெடிய வரலாறு உண்டு. கேரளத்துப் பரமேசுவரர் பல ஆண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் கண்டு குறித்து 1431இல் திருக்கணிதத்தை வகுத்தார். அந்தத் திருத்தத்தால் அவருடைய தெய்வ நம்பிக்கைக்கு ஊறு நேர்ந்ததாகவோ, நேருமென்று அவர் அஞ்சியதாகவோ எந்தக் குறிப்பும் இல்லை. ராகு விழுங்குவதாகச் சொல்லும் புராணத்தோடும் வானியல் சித்தாந்த நூலார் நெடுங்காலமாகவே மல்லுக்கு நின்றுள்ளனர். சந்திரனை மறைப்பது பூமியின் நிழல் என்பதை வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டிலேயே வற்புறுத்தினார். 1150இல் சித்தாந்த சிரோமணியை இயற்றிய பாஸ்கரர் ராகு அந்த நிழலுக்குள் புகுகிறான் என்று சொல்லி இரண்டையும் இணக்கினார். இந்த இணக்கம் நமக்கு நிறைவு தருகிறதா என்பது வேறு கேள்வி. நம்பிக்கையை ஐயத்தோடு நோக்கும் வேலை பூவர் வருவதற்குப் பல நூற்றாண்டுக்கு முன்பே இங்கு நடந்துகொண்டிருந்தது என்பதே வாதத்துக்கு வேண்டியது. விசுவநாத சாஸ்திரியார் நிழலைக் கணித்தவர். ராகுவின் வாயைக் கணித்தவர் அல்லர்.

சித்தாந்தம் அறியாத பொதுமக்கள் ராகுவைத்தானே நம்பினர், அவர்கள் கலங்கியிருப்பார்களே என்று கேட்கலாம். கலங்கியிருந்தால் அதற்குச் சான்று வேண்டும். எனக்குத் தெரிந்த சான்று எதிர்ப்பக்கம்தான் நிற்கிறது. பழைய வாய்பாடுகளைத் திருத்தாமல் பின்பற்றும் வாக்கிய பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்தில் இன்றும் வழக்கில் இருக்கிறது. திருக்கணிதமும் அதன் அருகே வாழ்கிறது. எதை வைத்துத் திருவிழா நடத்துவது, எதை வைத்து விரதம் இருப்பது என்று குடும்பங்கள் வேறுபடுகின்றனவே தவிர, அந்த வேறுபாட்டைச் சொல்லி யாரும் கோயிலை விட்டு விலகவில்லை.

புராணப் பூகோளத்தின் நிலை வேறு. மேருவையும் ஏழு கடல்களையும் மிஷனாரிகள் தாக்கியபோது அந்தத் தாக்குதலுக்கு வலு இருந்தது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் அவர்கள் கையிலெடுத்த கருவிகளில் ஒன்று சித்தாந்த நூல்களே. பூவருக்குப் பின் செமினரியை நடத்திய ஹென்றி ஹொய்சிங்டன் 1848இல் இந்து வானியலின் முழு முறைமையையும் தமிழ் மூலத்தோடும் ஆங்கில விளக்கத்தோடும் அச்சிட்டார். 1829இல் தோற்றதாகச் சொல்லப்படும் அறிவை, தோற்கடித்தவர்களே பத்தொன்பது ஆண்டு கழித்துப் பாடநூலாக்கினர்.

அப்படியானால் அந்தக் கிரகணத்தின் மேல் பணயம் வைக்கப்பட்ட நம்பிக்கை எது? கணிதம் பிழைத்தால் சமயமும் பிழைக்கும், இரண்டும் ஒரே அடித்தளத்தின் மேல் நிற்பவை என்ற கொள்கை சாஸ்திரியாருடையதாகத் தெரியவில்லை. அது மிஷனாரிகளுடையது. மெய்யான வானியலும் மெய்யான வேதமும் ஒரே கடவுளிடமிருந்து வந்தவை என அவர்கள் உளமார நம்பினர். அந்த நம்பிக்கையின் நேர்மையை நான் ஐயுறவில்லை. ஆனால் அதே அளவுகோலை மாணவர் கையில் கொடுத்துவிட்டால், ஆறு நாள் படைப்பையும் யோசுவாவுக்காக நின்ற சூரியனையும் அது அளக்காமல் விடாது. கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டையில் கணிதமும் வானியலும் பயின்றவர்கள். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள். இருவரும் பின்னாளில் சைவத்துக்கே திரும்பினர். அவர்களுடைய மனமாற்றத்துக்கு வானியல் காரணம் என்று சொல்ல மாட்டேன். வானியல் தடையாக நிற்கவில்லை என்பது மட்டும் தெளிவு.

ஆறுமுக நாவலர் 1854இல் எழுதிய சைவதூஷண பரிகாரத்தையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். கிரகணம் சைவத்தின் உயிர்நிலையைத் தாக்கியிருந்தால், கால் நூற்றாண்டுக்குப் பின் எழுந்த அந்த மறுப்பு நூல் அங்கேதான் மருந்திட்டிருக்கும். நாவலரின் முதன்மை வாதமோ வழிபாட்டைப் பற்றியது. சைவக் கிரியைகளைப் பழிப்போரின் விவிலியத்திலும் ஆலயமும் பலியும் தீபமும் தூபமும் உண்டென்று காட்டுவது அது. சண்டை நடந்த களம் கோயில்.

ஹொய்சிங்டனும் அங்கேதான் வந்து சேர்ந்தார். வானியல் நூலை அச்சிட்ட ஆறாம் ஆண்டில், 1854இல், சிவஞான போதத்தையும் சிவப்பிரகாசத்தையும் தத்துவக் கட்டளையையும் ஆங்கிலத்தில் பெயர்த்து அமெரிக்கக் கீழ்த்திசைக் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டார். யாழ்ப்பாணத்துச் சைவரின் நம்பிக்கையை அறியவும் அதனோடு வாதிடவும் பதி, பசு, பாசம் பற்றிய அந்த நூல்களையே திறக்க வேண்டும் என்பதை, அவர்களுடைய பஞ்சாங்கத்தை மிக நன்றாக அறிந்திருந்த மிஷனாரியே செய்துகாட்டினார்.