முழங்கைக் குழலும் அதன் சீவாளியும்

ஓர் இசைக்கருவி மறைந்துபோவது அதனைச் செய்த மரம் உளுத்துப்போவதனால் மட்டுமன்று. அதனைப் பேசவைக்கும் கைப்பழக்கம் அற்றுப்போகும்போது, மரம் இருந்தும் கருவி ஊமையாகின்றது. அயர்லாந்து மக்களின் 'இல்லன்' குழல் இந்நிலையை எய்தி மீண்ட வரலாறு அறியத்தக்கது.

இல்லன் என்பது முழங்கையைக் குறிக்கும் ஐரிஷ் மொழிச் சொல். ஸ்கொத்லாந்தின் பைக்குழலை இசைப்போர் வாயினால் ஊதித் தோற்பையை நிரப்புவர். அயர்லாந்துக் கலைஞரோ அமர்ந்திருந்து, ஒரு முழங்கையினாற் சிறு துருத்தியை இயக்கிப் பையை நிரப்பி, மற்ற முழங்கையினால் அப்பையை அழுத்துவர். 18 ஆம் நூற்றாண்டில் உருப்பெற்ற இக்கருவி முன்னாளில் 'யூனியன்' குழல் எனப்பட்டது. இல்லன் என்னும் பெயர் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பெருவழக்காயிற்று.

இதன் ஒத்துக் குழல்கள் மூன்று. பண்ணை இசைக்கும் குழல் 'சாண்டர்' எனப்படும். கூம்பிய உட்டுளையுடைய அதன் தலையில், நாகசுரத்தின் சீவாளியை ஒத்த இரட்டை நாக்குடைய நாணற் சீவாளி பொருத்தப்பட்டிருக்கும். நாகசுரச் சீவாளி கலைஞரின் வாயில் ஈரம் பெறுவது. உதடும் நாவும் அதனை ஆள்வன. இச்சீவாளியோ மூடியொன்றினுள் மறைந்து, துருத்தியின் உலர்ந்த காற்றினாலேயே ஒலிப்பது. உதட்டினாற் சுரத்தைத் திருத்த வழியில்லை. ஆகவே சுரத்தைச் சீர்செய்யும் வேலையின் பெரும்பகுதி, வாசிப்பதற்கு முன்பே, சீவாளி சீவுவோரின் கத்தி முனையில் முடிந்துவிடல் வேண்டும்.

'டீ' எனப்படும் அடிச்சுரத்தை ஷட்ஜமாகக் கொண்டு இக்குழல் இரண்டு ஸ்தாயிகளில் ஒலிக்கும். அடிவாயைத் தொடைமீது பதித்து, துளைகள் யாவற்றையும் ஒரு கணம் மூடி, அழுத்தத்தைக் கூட்டினால் சுரம் மேல் ஸ்தாயிக்குத் தாவும். ஆயின் அழுத்தம் கூடும்போது, பின்புறப் பெருவிரற் துளையிற் பிறக்கும் ஷட்ஜம் சில குழல்களிற் சுருதி தாழ்ந்து நடுங்கும். கைசிகி நிஷாதமோ இடைவிட்டுத் துளைகளை மூடிப் பெறப்படுவது. அதற்குரிய விரலடைவு குழலுக்குக் குழல் வேறுபடும். அடி ஷட்ஜம் மென்மையாகவும், கணீரென்று வன்மையாகவும் இருவகையில் ஒலித்தல் வேண்டும். சீவாளி பொருந்தாதாயின் அவ்வன்மை பிறவாது.

இக்குறைகளைக் களையும் வழிகள் சிறியன, ஆயினும் நுட்பமானவை. சீவாளியைத் தழுவியிருக்கும் செப்புப் பட்டையை நெரித்து அதன் வாயைத் திறந்தும் ஒடுக்கியும் பார்ப்பர். துளையின் மேல்விளிம்பில் மெழுகிட்டுச் சுரத்தைத் தாழ்த்துவர். உட்டுளையினுள் கோரைத்தண்டையோ மெல்லிய கம்பியையோ செருகி அதன் அகலத்தைக் குறைப்பர். ஒரு சுரம் சீர்ப்பட மற்றொன்று கெடுவதும் உண்டு. எல்லாச் சுரங்களும் இணங்கும் நிலையைச் செவியினாலேயே தேடிக் காணல் வேண்டும். இவ்வறிவு பெரும்பாலும் ஏட்டின் வழியன்றிக் கைவழியே வந்தது.

அவ்வழி தளர்ந்ததற்குக் காரணங்கள் உண்டு. 1845 இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். அதனினும் மிகுதியானோர் கடல் கடந்தனர். குழலிசைஞரும் அவருட் சேர்ந்தனர். அமெரிக்கா சென்ற டெயிலர் சகோதரர், அங்குள்ள பெரிய மண்டபங்களுக்கேற்ப, பிலடெல்பியா நகரில் அகன்ற துளையுடைய உரத்த குழல்களைச் செய்தனர். டப்ளின் நகரத்துத் தோமஸ் தெருவிலே கொய்ன் என்பார் முன்பு செய்த குழல்களோ தாழ்ந்த சுருதியும் மென்குரலும் உடையன. குழல்தோறும் துளை வேறாதலின், ஒன்றுக்குரிய சீவாளி மற்றொன்றுக்கு உதவாது. ஏற்ற சீவாளி செய்வார் அருகவே, பழைய குழல்கள் பல ஒலியடங்கிக் கிடந்தன.

1898 இல் கோர்க் நகரிலும் 1900 இல் டப்ளினிலும் குழலிசைஞர் கழகங்கள் தோன்றின. டப்ளினைச் சேர்ந்த லியோ ரௌசம் (1903–1970) குழல் செய்தும், சீவாளி சீவியும், மாநகர இசைப்பள்ளியிலே கற்பித்தும் மரபு அறாது காத்தார். எனினும் 1968 இல் 'நா பீபரி இல்லன்' என்னும் சங்கம் நிறுவப்பட்டபோது, இக்குழலை இசைக்க வல்லார் நூறு பேருக்கும் குறைவாகவே இருந்தனர். வாசிப்பினை மட்டும் கற்பித்தால் போதாதென்பதை உணர்ந்த அச்சங்கம், சீவாளி செய்யும் முறையினையும் கற்பிக்கலாயிற்று. 2017 இல் யுனெஸ்கோ நிறுவனம் இக்குழலிசையை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டது.

அருங்காட்சியகம் மரத்தைக் காக்கும். சுரத்தைக் காப்பதோ, ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமர்ந்து நாணலைச் சீவிச் செவிகொடுத்துக் கேட்கும் அப்பழக்கமேயாகும்.