தாது வருஷமும் தருமபுரியின் விசுவாசமும்

தமிழ்நாட்டுக் கிராமங்களின் நினைவில் பஞ்சம் என்ற சொல்லோடு ஒரு வருஷத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது: தாது. 1876இல் பருவமழை பொய்த்தது. மறு வருஷம் பசியும் காலராவும் கைகோத்து நடந்தன. இன்றைய தருமபுரி மாவட்டம் அப்போது சேலம் ஜில்லாவுக்குள் இருந்தது. 1871 கணக்கெடுப்பில் அந்த ஜில்லாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 19.67 லட்சம். 1881இல் ஏறத்தாழ 16 லட்சம். பத்தாண்டில் பெருகியிருக்க வேண்டிய ஜனத்தொகை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோனது. துன்பம் வரும்போது கடவுளை நம்பு, அது உன் விசுவாசத்தை ஆழமாக்கும் என்று கிறிஸ்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். நானும் அதை நம்புகிறேன். ஆனால் இந்த மண்ணின் வரலாற்றின் முன் நிறுத்தி உரசிப் பார்க்காமல் அந்த வார்த்தையைச் சொல்வது நேர்மையாகாது. உரசிப் பார்த்தால் கிடைப்பது இது: துன்பம் தானாக யாருடைய விசுவாசத்தையும் ஆழமாக்கியதில்லை. கோடையில் தண்ணீர் கீழே போனதும் மானாவாரி நாட்டுக் குடியானவர்கள் கிணற்றில் இறங்கித் தோண்டுவார்கள். வறட்சி அவர்களை இறங்க வைக்கிறது, அவ்வளவுதான். ஆழமாக்குவது கடப்பாரை பிடித்த கை. தருமபுரிச் சீமையின் கிறிஸ்தவர்களிடம் அந்தக் கை எதுவாக இருந்தது என்பதே என் கேள்வி.

இந்தப் பகுதிக்குக் கிறிஸ்தவம் ஆங்கிலேய ஆட்சியோடு வந்து சேர்ந்ததல்ல. தத்துவ போதகர் எனப்பட்ட ராபர்ட் தெ நோபிலி 1623இல் மதுரையை விட்டு வடக்கே புறப்பட்டுச் சேந்தமங்கலம், சேலம் பகுதிகளுக்கு வந்தார். கால் நூற்றாண்டு கழித்து லியோனார்டோ சின்னமி என்ற இத்தாலிய இயேசு சபைக் குரு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மைசூர் மிஷனைத் தொடங்கினார். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அடங்கிய பாராமகால் மைசூர் அரசின் கைக்குப் போனது. இங்கே முளைத்த சிறு கிறிஸ்தவக் கூட்டங்கள் கேழ்வரகும் சாமையும் கொள்ளும் விளையும் மேட்டு நிலத்தில், வானத்தை நம்பிப் பிழைத்தவர்களின் கூட்டங்கள். கடற்கரைப் பரதவர்களுக்குக் கிடைத்ததைப் போல ஒரு ஐரோப்பிய அரசின் பாதுகாப்பு அவர்களுக்கு இருந்ததில்லை. மாறிமாறி வந்த படைகளின் பாதையில்தான் அவர்களுடைய ஊர்கள் இருந்தன.

18ஆம் நூற்றாண்டின் பிற்பாதி அவர்களை அநாதைகளாக்கியது. 1759இல் போர்ச்சுகல் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து இயேசு சபையாரைத் துரத்தியது. 1773இல் திருத்தந்தை பதினான்காம் கிளமெண்ட் அந்தச் சபையையே கலைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் பொறுப்பேற்ற பாரிஸ் வெளிநாட்டு மிஷன் சபையாரிடம் இவ்வளவு பெரிய பரப்புக்குப் போதுமான குருக்கள் இல்லை. 1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்த பின் பாரிஸிலிருந்து புதியவர்கள் வருவதும் அருகிப்போனது. அதே காலத்தில், 1767 முதல் 1792 வரை, மூன்று மைசூர்ப் போர்கள் நடந்து, கடைசியில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. குரு வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது என்ற நிலையில் இப்படிப்பட்ட ஊர்களில் விசுவாசத்தைத் தாங்கிப் பிடித்தவர் உபதேசியார். பிள்ளைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுப்பதும், சாகக் கிடப்பவர் அருகில் உட்கார்ந்து மந்திரம் சொல்வதும், ஞாயிற்றுக்கிழமை ஊரைக் கூட்டிச் செபமாலை சொல்ல வைப்பதும் அவர் வேலை. அந்தப் பணி எவ்வளவு கனமானது என்பதை உணர்ந்துதான் வீரமாமுனிவர் உபதேசியார்களுக்காகவே ‘வேதியர் ஒழுக்கம்’ என்ற நூலை எழுதினார். பூசையில்லாத மாதங்களில் பூசை செய்ய முடியாத ஒரு தமிழ்க் குடியானவரே திருச்சபையாக இருந்தார். நம்பிக்கையைத் தோண்டிக் காத்த முதல் கை அவருடையது.

இந்த இடத்தில் வரலாற்றை வீரகாவியமாக்கிவிடும் ஆசை எழும். அதைத் தடுக்கும் சாட்சி ஒருவர் இருக்கிறார். 1792இல் இந்தியா வந்து, திப்பு வீழ்ந்த 1799க்குப் பின் மைசூரில் சிதறிக் கிடந்த கத்தோலிக்கரைத் தேடித் திரட்டிய பிரெஞ்சுக் குரு ஆபே துபுவா, 1823இல் லண்டனில் வெளிவந்த கடிதத் தொகுப்பில் இந்தியக் கிறிஸ்தவத்தின் நிலை குறித்து மிகக் கசப்பாக எழுதினார். திப்பு சுல்தான் 1784இல் கனராக் கத்தோலிக்கரைச் சிறைபிடித்துக் கொண்டுபோய் மதம் மாறக் கட்டாயப்படுத்தியபோது, அத்தனை ஆயிரம் பேரில் ஒருவருக்குக்கூட எதிர்த்து நிற்கத் துணிவில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. இந்த நாட்டு விசுவாசம் மேற்பூச்சு என்பதற்கு இதையே அவர் சான்றாக்கினார். அவர் தீர்ப்பு முழுவதும் நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் துன்பத்தின் முன் விசுவாசம் உடையும் என்ற அந்த உண்மையை மறைக்கக் கூடாது. மறைக்கத் தேவையும் இல்லை, ஏனென்றால் அதே துபுவாவின் வாழ்க்கையில் இன்னொரு சான்றும் இருக்கிறது. 1799க்குப் பின் உயிரோடு மீண்டவர்கள் பழைய விசுவாசத்தைத் தேடி வந்தார்கள். அவர்களைச் சேர்த்துக்கொண்டவரும் அவரே. சேவல் கூவுமுன் மூன்று முறை மறுதலித்த பேதுருவின் மேல் கட்டப்பட்ட திருச்சபைக்கு இது புதிதல்ல. கடவுளை நம்புவது என்பதை ஒருபோதும் தளராமல் நிற்பது என்று வரையறுத்தால் வரலாற்றில் விசுவாசிகளே மிஞ்ச மாட்டார்கள். உடைந்தவர் திரும்பி வருவதும், வந்தவருக்குக் கதவு திறந்திருப்பதும்தான் அதன் மெய்யான உருவம்.

இந்தப் பின்னணியில் தாது வருஷத்துக்கு வருவோம். வைசிராயின் பஞ்சப் பிரதிநிதியாக வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், 1877இன் தொடக்கத்தில் நிவாரணக் கூலியைக் குறைத்தார். ரோடு போட்டும் ஏரி வெட்டியும் உழைத்தவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்றார். மெட்ராஸ் மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், அந்த அளவில் உழைக்கும் உடம்பு நிற்காது என்று எதிர்த்து வாதாடினார். அரசு கைவிட்ட இடங்களில் கிறிஸ்தவ மிஷன்கள் கஞ்சி ஊற்றின. அநாதைக் குழந்தைகளை எடுத்து வளர்த்தன. பஞ்சத்தின்போதும் அதற்குப் பிறகும் தமிழ், தெலுங்கு மாவட்டங்களில் பெருங்கூட்டமாக மக்கள் கிறிஸ்தவத்தில் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி நிலமில்லாத, ஒடுக்கப்பட்ட சாதியினர்.

அவர்கள் வந்தது கஞ்சிக்காக, கடவுளுக்காக அல்ல என்ற பழைய ஆட்சேபனை இங்கேதான் எழுகிறது. அதில் உண்மை உண்டு. பசியோடு வந்தார்கள் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் வந்த காரணமும் தங்கிய காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அன்றைய மிஷனரிகளுக்கே இந்தச் சந்தேகம் இருந்தது. ஓங்கோலில் பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளவ், பக்கிங்காம் கால்வாயில் மூன்றரை மைல் வெட்டும் ஒப்பந்தத்தை எடுத்துப் பஞ்சத்தில் அடிபட்டவர்களுக்கு வேலை கொடுத்தார். நிவாரணம் நடந்த காலம் முழுவதும் ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். நிவாரணம் முடிந்த பிறகும் கூட்டம் கலையவில்லை. 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். இதைவிட வலுவான பதில் அடுத்த நூற்றாண்டில் கிடைத்தது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் தந்தது; 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது விரிந்தது; தலித் கிறிஸ்தவருக்கு இன்றுவரை இல்லை. கல்வியிலும் வேலையிலும் தங்கள் உறவினருக்குக் கிடைக்கும் உரிமையை இழந்தும், திருச்சபைக்குள்ளேயே சாதிப் பாகுபாட்டைச் சுமந்தும் இக்குடும்பங்கள் தலைமுறைகளாக அந்த விசுவாசத்தில் நிற்கின்றன. ஆதாயத்துக்காகப் பிடித்த கை ஆதாயம் போன பிறகு விட்டுவிடும். இவர்கள் விடவில்லை. சாதியை விடாத தங்கள் திருச்சபையை விடவும் தங்கள் கடவுள் பெரியவர் என்று அவர்கள் நம்பியதே அதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன். அந்த நம்பிக்கையின் முன் திருச்சபை வெட்கத்தோடு தலைகுனிய வேண்டும்.

உபதேசியாருக்கு அடுத்தபடி விசுவாசத்தைத் தோண்டிய இன்னொரு கை, துயரத்துக்குச் சொல் கொடுத்த மரபு. தபசு காலத்தில் தமிழ்க் கத்தோலிக்க ஊர்களில் வியாகுலப் பிரசங்கம் வாசிப்பது நெடுநாள் வழக்கம். 18ஆம் நூற்றாண்டில் இலங்கையில் பணியாற்றிய ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் பெயரோடு வழங்கும் அந்த நூல், கிறிஸ்துவின் பாடுகளைப் பெற்ற பிள்ளையின் சாவைப் போல அழுது கேட்க வைப்பது. சங்கீதப் புத்தகத்தில் பெரும்பங்கு முறையீடு. யோபுவின் நூலில் பெரும்பகுதி வழக்காடல். சிலுவையில் இயேசுவே கைவிடப்பட்டவராகக் கதறினார். ஒப்பாரி பாடத் தெரிந்த சமூகத்துக்கு இந்த மொழி அந்நியமாக இருக்கவில்லை. துக்கத்தை விழுங்கிவிட்டுச் சிரிக்கும்படி இந்த மரபு யாரிடமும் கேட்கவில்லை. ஊராகக் கூடி உட்கார்ந்து கடவுளின் முகத்துக்கு நேராக அழச் சொன்னது. அழுது முறையிடுவதற்கே ஒருவர் அங்கே கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற நம்பிக்கை வேண்டும். அதனால் முறையீட்டை விசுவாசக் குறைவு என்று கண்டிப்பவர்கள் வேதத்தையும் அறியவில்லை, இந்த மரபையும் அறியவில்லை.

கடவுளை நம்பச் சொல்வது ஏழையைக் கைகட்டி உட்கார வைக்கும் தந்திரம் என்பது அடுத்த ஆட்சேபனை. விதியென்று இருக்கச் சொல்லும் பிரசங்கங்கள் நடந்திருக்கின்றன, இன்றும் நடக்கின்றன. ஆனால் பஞ்சத்தில் உண்மையிலேயே கைகட்டி நின்றது விசுவாசமா என்று பார்க்க வேண்டும். சந்தை தானே சரிசெய்யும் என்று நம்பித் தானிய ஏற்றுமதியை நிறுத்தாமல் விட்டது ஆட்சியாளர்களின் கோட்பாடு. அன்றன்றைய அப்பத்துக்காகச் செபிக்கக் கற்றுக்கொண்டவன் அப்பம் வராதபோது ஏன் என்று கேட்கவும் கற்றுக்கொள்கிறான். 1880இன் பஞ்சக் கமிஷன் அறிக்கையிலும் அதையொட்டி வந்த பஞ்ச விதித்தொகுப்பிலும், பஞ்சச் சாவைத் தடுப்பது தன் கடமை என்று அரசு எழுத்தில் ஏற்க வேண்டியிருந்தது. நம் காலத்திலும் தருமபுரியின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் அரித்தபோது, 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகே பலருக்கு நல்ல தண்ணீர் கிடைத்தது. குழாய்க்காகப் போராடுவதும் கடவுளை நம்புவதும் ஒரே மனதில் இருக்கலாம், இருக்கவும் வேண்டும்.

கடைசி ஆட்சேபனைதான் எனக்கு மிகக் கடினமானது. திரும்பி வந்தவர்களைப் பற்றியே பேசுகிறோம். திரும்பாதவர்களையும், ரோட்டோரத்தில் செத்தவர்களையும், மனம் கசந்து விட்டுப்போனவர்களையும் எந்தப் பதிவேடு பேசுகிறது? தப்பியவர்களின் சாட்சியை வைத்துக் கடவுளுக்கு வக்காலத்து வாங்கலாமா? இதற்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி ஒரு கட்டளையைத் தருகிறது: எல்லாம் உன் நன்மைக்கே என்று துன்பப்படுகிறவரிடம் போய்ச் சொல்ல வெளியாளுக்கு உரிமையில்லை. அதைச் சொல்லலாம் என்றால் துன்பத்தைக் கடந்தவர் மட்டும், தன் துன்பத்தைப் பற்றி மட்டும், தானாகச் சொல்லலாம். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அருகில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாக இருந்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கியபோதுதான் தவறினார்கள். உபதேசியார் சாகக் கிடப்பவர் அருகில் போய் உட்கார்ந்தாரே, அந்த ஞானமும் இதுதான்.

1930இல் சேலம் மறைமாவட்டமும் 1997இல் அதிலிருந்து பிரிந்து தருமபுரி மறைமாவட்டமும் உருவாயின. கோவிலூர் போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களிலும், பொம்மிடி அருகே பி.பள்ளிப்பட்டியின் லூர்து அன்னை ஆலயத்திலும் இன்று மணி அடிக்கும்போது கேட்கத் தோன்றுவது, நாட்டில் கிறிஸ்தவர்களின் எண்ணிக்கை கூடியதா குறைந்ததா என்பதல்ல. மழை இன்னும் ஏமாற்றும் இந்த மாவட்டத்திலிருந்து கட்டட வேலைக்குப் பெங்களூருக்கும் பனியன் கம்பெனிக்குத் திருப்பூருக்கும் போன பிள்ளைகள் கடனோடும் நோயோடும் மனமுடைந்தும் ஊர் திரும்பும் நாளில், அவர்கள் அருகில் பேசாமல் உட்கார ஆள் இருக்கிறதா? அவர்கள் அழ ஒரு சொல்லும், கூடிச் செபிக்க ஒரு வீடும், உடைந்தவர் வந்தால் திறக்க ஒரு கதவும் இருக்கிறதா? அவை இருந்த ஊர்களில் தாது வருஷத்தைத் தாண்டியும் கிணற்றில் தண்ணீர் நின்றது. கடவுளை நம்பு என்று அடுத்தவரிடம் சொல்பவர், அவரோடு அந்தக் கிணற்றில் இறங்கவும் தயாராக வேண்டும்.