எமிலி டிக்கின்சன் கடிதங்கள் தப்பியது எப்படி? பத்திரப்படுத்திய பாதிரியார்... சாம்பலான பதில்கள்!

உலகமே கொண்டாடும் அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன், உயிரோடு இருந்தவரை அச்சில் பார்த்தது சுமார் 10 கவிதைகளைத்தான். அவரைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் கணிசமான பகுதி, ஒரு முன்னாள் பாதிரியார் தூக்கிப் போடாமல் வைத்திருந்த கடிதங்களில் இருந்து கிடைத்தது. யார் அவர்? பார்க்கலாம்.

யார் இந்த ஹிக்கின்சன்?

தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சன், 1823-ல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். திரித்துவக் கோட்பாட்டை ஏற்காமல் கடவுள் ஒருவரே என்று சொல்லும் யூனிடேரியன் பிரிவின் பாதிரியார். 1847-ல் நியூபெரிபோர்ட் தேவாலயத்தில் பொறுப்பேற்றார். அடிமை முறைக்கு எதிராகப் பிரசங்கம் செய்ததை சபையில் பலர் ரசிக்கவில்லை. 2 ஆண்டுகளில் வேலை போனது. ஆனாலும் மனிதர் அடங்கவில்லை. உள்நாட்டுப் போரில், விடுதலையான கறுப்பினத்தவர் அடங்கிய படைப்பிரிவுக்கே தலைமை தாங்கினார்.

முதல் கடிதம்

1862 ஏப்ரலில் 'அட்லாண்டிக் மன்த்லி' இதழில் இளம் எழுத்தாளர்களுக்கு அறிவுரை சொல்லி ஹிக்கின்சன் ஒரு கட்டுரை எழுதினார். அதே மாதம் ஆம்ஹெர்ஸ்ட் ஊரில் இருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. உள்ளே 4 கவிதைகள். தன் கவிதைக்கு உயிர் இருக்கிறதா என்று கேட்டிருந்தார் எழுதியவர். கடிதத்தில் கையெழுத்து இல்லை. பெயர் மட்டும் தனியாக ஒரு சின்ன உறைக்குள், அட்டையில் இருந்தது. எமிலிக்கு அப்போது வயது 31.

'இப்போதைக்கு வெளியிட வேண்டாம்' என்பதுதான் ஹிக்கின்சன் தந்த ஆலோசனை. இலக்கண ஒழுங்குக்குள் அடங்காத அந்தக் கவிதைகள் அவருக்கு முழுசா பிடிபடவில்லை. ஆனா, வந்த கடிதங்களை அவர் பத்திரப்படுத்தினார். 1886-ல் எமிலி இறக்கும் வரை, 24 ஆண்டுகளில் சுமார் 70 கடிதங்களும் 100 கவிதைகளும் அவருக்கு வந்தன.

நேரில் சந்தித்தது எத்தனை முறை?

இரண்டே முறைதான். 1870 ஆகஸ்ட் 16 அன்று முதல் சந்திப்பு. வெள்ளை உடையில் வந்த எமிலி, 2 லில்லிப் பூக்களைக் கையில் கொடுத்து வரவேற்றார். அன்றிரவே ஹிக்கின்சன் இதையெல்லாம் மனைவிக்கு எழுதினார். தன் நரம்பின் சக்தியை இந்த அளவுக்கு உறிஞ்சியவர் வேறு யாரும் இல்லை என்றும் மனைவியிடம் சொல்லியிருந்தார். எமிலி எப்படிப் பேசினார், எப்படி நடந்துகொண்டார் என்பதற்கு முக்கியமான நேரடி சாட்சி இந்தக் கடிதம்தான். அடுத்த சந்திப்பு 1873 டிசம்பரில் நடந்தது.

சரி, பதில் கடிதங்கள் எங்கே?

எமிலி இறந்ததும், அவருக்கு வந்த கடிதங்களைத் தங்கை லவினியா எரித்துவிட்டார். அந்தக் காலத்து வழக்கம் அது. ஹிக்கின்சன் எழுதியவற்றில் பெரும்பாலானவை அப்படியே போயிடுச்சு. அதனால் இந்த உரையாடலில் நமக்குக் கேட்பது பெரும்பாலும் ஒரு குரல் மட்டுமே. ஹிக்கின்சன் என்ன சொன்னார் என்பதை, எமிலியின் பதிலை வைத்துத்தான் ஊகிக்க முடிகிறது.

ஏன் இது முக்கியம்?

1890-ல் எமிலியின் முதல் தொகுப்பு வெளியானது. தொகுத்தவர்கள் மேபல் லூமிஸ் டாடும் ஹிக்கின்சனும். அதில் நிறுத்தக்குறிகள் மாற்றப்பட்டன. எமிலி வைக்காத தலைப்புகள் சேர்க்கப்பட்டன. சில இடங்களில் சொற்களே மாறின. எமிலி எழுதியபடியே கவிதைகளை வெளியிடும் முயற்சியாக தாமஸ் ஜான்சன் பதிப்பு வர 1955 ஆனது. எமிலி உண்மையில் என்ன எழுதினார் என்பதற்கு அவர் கைப்பட எழுதிய தாள்களே ஆதாரம். அவற்றில் ஒரு பகுதி, ஹிக்கின்சனுக்குத் தபாலில் வந்தவை. கவிதையைத் திருத்திய அதே மனிதர்தான், மூலத்தையும் அழியாமல் வைத்திருந்தார்.

இப்போது எங்கே இருக்கின்றன?

பெரும்பகுதி பாஸ்டன் பொது நூலகத்தில் உள்ளது. எமிலியின் கையெழுத்துப் படிகளை இணையத்திலும் பார்க்கலாம்.